நியோ ஜியோ: ஆட்டத்துக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை

1996இல் ஜப்பானின் எஸ்என்கே நிறுவனம் ஒரு சண்டை விளையாட்டை வெளியிட்டது. ஜப்பானில் அதற்கு ஃபூன் சூப்பர் டேக் பேட்டில் என்று பெயர். வெளிநாடுகளில் கிசுனா என்கவுன்டர். வீட்டு நியோ ஜியோவுக்கான ஜப்பானியப் பிரதியைச் சில நூறு டாலருக்கு வாங்கிவிடலாம். அதே விளையாட்டின் ஐரோப்பியப் பிரதிகளோ விரல்விட்டு எண்ணிவிடும் அளவில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கைமாறும்போது பேச்சு 10,000 டாலருக்கு மேல் போகிறது.

இரண்டு கேட்ரிட்ஜையும் ஒரே கன்சோலில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தால் திரையில் ஓடுவது ஒரே ஆட்டம்தான். அதே வீரர்கள், அதே இசை, அதே ஓட்டம். வேறுபடுவது பெட்டிக்குள் செருகிய அச்சுத்தாளும் கேட்ரிட்ஜ் மேல் ஒட்டிய லேபிளும் கையேடும். அப்படியானால் அந்தப் பல ஆயிரம் டாலர் எதற்கு?

பழைய வீடியோ கேம் சேகரிப்பு முழுவதற்கும் பொருந்துகிற கேள்வி இது. ஆனாலும் நியோ ஜியோவை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகத் தெரியும். பழசானபின் விலை ஏறிய கன்சோல்கள் பல உண்டு. நியோ ஜியோ முதல் நாளிலேயே கை சுடும் விலையில் விற்ற கன்சோல். அன்று அந்த விலைக்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைய விலைக்கு வேறு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கடை எந்திரம் வீட்டுக்கு வந்த கதை

எஸ்என்கே 1978இல் எய்கிச்சி கவாசாகி ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம். காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களே அதன் பிழைப்பு. அந்தக் காலத்து ஆர்கேட் கடைக்காரருக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. ஒரு விளையாட்டு சலித்துப்போய் வருமானம் குறைந்தால் எந்திரத்தின் உள்ளே இருக்கும் பலகை முழுவதையும் கழற்றி வேறு வாங்கிப் பொருத்த வேண்டும். 1990இல் எஸ்என்கே இதற்கு மருந்து கண்டுபிடித்தது. பலகை அப்படியே இருக்கும். கேட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும். ஒரே எந்திரத்தில் நான்கு, ஆறு விளையாட்டுகள் வரை செருகி வைக்கலாம். இதுதான் எம்விஎஸ்.

அதே எந்திரத்தை வீட்டுக்கு ஏற்றாற்போல் கறுப்புப் பெட்டியில் அடைத்ததுதான் ஏஇஎஸ். சாமானியர் விலை கொடுத்து வாங்கக்கூடிய பொருள் இது என்று எஸ்என்கேவே முதலில் நம்பவில்லை. ஜப்பானில் வாடகைக்கும் ஓட்டல்களுக்கும்தான் விட்டது. ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தவர்கள் திருப்பித் தர மனமில்லாமல் விலை கேட்கத் தொடங்கிய பிறகே அது கடை விற்பனைக்கு வந்தது.

ஜப்பானில் 58,000 யென். அமெரிக்காவில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரு விளையாட்டும் சேர்ந்த பெட்டி 649.99 டாலர். 1991இல் அமெரிக்காவில் அறிமுகமான சூப்பர் நின்டெண்டோவின் விலை, மரியோ விளையாட்டும் சேர்த்து, 199 டாலர். நியோ ஜியோவுக்கு ஒரு கேட்ரிட்ஜ் மட்டுமே ஏறக்குறைய 200 டாலர் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கன்சோல் வாங்கும் காசுக்கு நியோ ஜியோ வைத்திருந்தவன் ஒரே ஒரு விளையாட்டு வாங்கினான். அந்த 649.99 டாலரின் இன்றைய மதிப்பு சுமார் 1,500 டாலர்.

அன்றைய விலையின் நியாயம்

அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது? மோட்டரோலா 68000 செயலி, ஒலிக்குத் துணையாக ஒரு இசட்80, யமஹாவின் ஒலிச் சிப், திரையில் ஒரே நேரத்தில் 380 ஸ்பிரைட் (நகரும் படத்துண்டு) வரை. இவையெல்லாம் சேர்ந்தாலும் கதையின் பாதிதான். மீதிப் பாதி கேட்ரிட்ஜுக்குள் இருந்தது.

பிற கன்சோல்களின் நிறுவனங்கள் ஆர்கேட் விளையாட்டை வெட்டிக் குறுக்கி, வண்ணம் குறைத்து, வீட்டுக்கு ஏற்ற நகலாக விற்றன. எஸ்என்கே எதையும் வெட்டவில்லை. கடையில் ஓடிய அதே நிரல், அதே படம், அதே ஒலி வீட்டுக் கேட்ரிட்ஜிலும் இருந்தன. அதற்குத் தேவைப்பட்ட இடம் கொஞ்சநஞ்சமல்ல. சூப்பர் மரியோ வேர்ல்ட் 4 மெகாபிட்டில் அடங்கியது. 1992இல் வந்த ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் 102 மெகாபிட். 1996இன் மெட்டல் ஸ்லக் 193 மெகாபிட். கடைசிக் காலத்து விளையாட்டுகள் 700 மெகாபிட்டையும் தாண்டின.

193 மெகாபிட் என்பது இன்றைய கணக்கில் 24 மெகாபைட். கைபேசியில் எடுத்த ஐந்தாறு புகைப்படங்களின் அளவு. ஆனால் அன்று அது அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய ரோம் சிப்புகள். ஒரு கேட்ரிட்ஜைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது விளங்கும். விஎச்எஸ் வீடியோ கேசட் அளவு. கனமும் அதற்குக் குறையாது. உள்ளே ஒன்றல்ல, இரண்டு பலகைகள். ஒன்றில் படங்களுக்கான சிப்புகள் வரிசையாக. மற்றதில் நிரலும் குரல், ஒலிப் பதிவுகளும். 200 டாலரில் கணிசமான பங்கு அந்தச் சிப்புகளுக்கே போயிற்று.

ஆகவே 1991இன் விலை பொருளின் விலை. வாங்கியவர் கொடுத்த காசுக்கு உள்ளே சரக்கு இருந்தது. இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. கடைக்காரர்கள் வாங்கிய எம்விஎஸ் கேட்ரிட்ஜ் வீட்டுக் கேட்ரிட்ஜைவிட விலை கூடியது. இரண்டிலும் இருப்பது ஒரே விளையாட்டு. கடைக்காரர் மலிவான வீட்டுக் கேட்ரிட்ஜை வாங்கிப் போட்டு ஓட்டிவிடக் கூடாதென்று இரண்டின் இணைப்பு முனைகளையும் எஸ்என்கே வேறு வேறாக அமைத்தது. அன்று கடைக்காரரைத் தடுக்கப் போட்ட அந்த வேலி இன்று சேகரிப்பாளரின் பர்ஸைத் தீர்மானிக்கிறது. எப்படி என்று பிறகு பார்ப்போம்.

எது மலிவு, எது அரிது

எம்விஎஸ்ஸுக்கு அதிகாரபூர்வமாக 148 விளையாட்டுகள் வந்தன. வீட்டுப் பதிப்பாக வந்தவை அதில் சற்றுக் குறைவு. எல்லாமே தங்க விலை என்று நினைப்பது தவறு.

தொடக்க, நடு ஆண்டுகளின் சண்டை விளையாட்டுகள் ஜப்பானில் ஏராளமாக விற்றன. ஃபேட்டல் ஃப்யூரி வரிசை, ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங், வேர்ல்ட் ஹீரோஸ், சாமுராய் ஸ்பிரிட்ஸ், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 முதல் 98 வரை. இவற்றின் ஜப்பானியப் பிரதிகள் இன்றும் தாராளமாகச் சந்தையில் புழங்குகின்றன. கன்சோலின் பெயர் சொல்லும் நல்ல விளையாட்டுகளில் பல இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன என்பது புதிதாக வருபவருக்கு நல்ல சேதி. 1987இல் கேப்காமில் ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய தகாஷி நிஷியாமாவும் அவரது கூட்டாளியும் எஸ்என்கேவுக்கு வந்து உருவாக்கியதுதான் ஃபேட்டல் ஃப்யூரி. வரலாற்றுப் பெருமை உள்ளதெல்லாம் விலை கூடியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

விலையை ஏற்றியது காலம். 1994 நவம்பரில் சேகா சாட்டர்னும் டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷனும் ஜப்பானில் வந்தன. சிடியில் விளையாட்டு, மலிவான விலை. எஸ்என்கேவே 1994இல் நியோ ஜியோ சிடியை இறக்கித் தன் கேட்ரிட்ஜுக்குத் தானே போட்டியானது. 1996க்குப் பிறகு வீட்டுக் கேட்ரிட்ஜ் வாங்கியவர்கள் ஒரு சிறு கூட்டமே. சண்டை விளையாட்டு என்றால் அந்தக் கூட்டம் வாங்கும். மற்ற வகைகளைக் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சிட்டார்கள்.

மெட்டல் ஸ்லக் அகப்பட்டது இந்த இடுக்கில். ஐரெம் நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் நாஸ்கா என்ற பெயரில் உருவாக்கிய விளையாட்டு அது. ஆர்கேட் கடைகளில் சக்கைப்போடு போட்டது. நம் ஊரில் கணினி எமுலேட்டர் வழியாக அதைச் சந்தித்த தலைமுறை ஒன்றே இருக்கிறது. ஆனால் வீட்டுக் கேட்ரிட்ஜ் பதிப்பு கொஞ்சமே வெளியானது. உலகமே ஆடிய ஒரு விளையாட்டு, ஒரு சிலர் மட்டும் வாங்கிய வடிவம். ஆசைப்படுவோர் கோடி, பிரதிகளோ கொஞ்சம் என்றால் விலை எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. ஜப்பானியப் பதிப்பே பல ஆயிரம் டாலர். ஆங்கிலப் பதிப்பு அதற்கும் மேலே.

நியோ ஜியோ வரிசையின் முடிவும் சேகரிப்பாளரின் மனத்தில் இடம் பிடித்தது. எஸ்என்கே 2001இல் திவாலானது. கவாசாகி தொடங்கிய பிளேமோர் என்ற புதிய நிறுவனம் உரிமைகளை மீட்டது. அதன் பிறகும் கேட்ரிட்ஜ்கள் வந்தன. 2004 ஜூலையில் வந்த சாமுராய் ஸ்பிரிட்ஸ் ஜீரோ ஸ்பெஷல்தான் அதிகாரபூர்வமான கடைசி விளையாட்டு. 14 ஆண்டுகள் ஒரு கேட்ரிட்ஜ் கன்சோல் உயிரோடு இருந்தது என்பது சின்ன விஷயமில்லை. 2007 ஆகஸ்டில் நிறுவனம் பழுதுபார்ப்பையும் நிறுத்திக்கொண்டது.

ஒரே சிப், மூன்று விலை

இனி கிசுனாவுக்கு வருவோம். நியோ ஜியோவில் நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பானிய கேட்ரிட்ஜ் அமெரிக்க கன்சோலில் ஓடும். அமெரிக்க கேட்ரிட்ஜ் ஜப்பானிய கன்சோலில் ஓடும். அதோடு, மிகப் பெரும்பாலான கேட்ரிட்ஜ்களுக்குள் ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கின்றன. எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது கேட்ரிட்ஜ் அல்ல, கன்சோலுக்குள் இருக்கும் பயாஸ் சிப். ஜப்பானில் வாங்கிய சாமுராய் ஸ்பிரிட்ஸை அமெரிக்க கன்சோலில் செருகினால் பெயரே சாமுராய் ஷோடவுன் என்று மாறிவரும். வாள் வெட்டில் சிவப்பு ரத்தமும் தெறிக்காது. கேட்ரிட்ஜில் ஒரு புள்ளியும் மாறவில்லை. கேட்ட கேள்விக்கு ஏற்ற பதிலை அது சொல்கிறது, அவ்வளவுதான். யூனிவர்ஸ் பயாஸ் என்ற மாற்றுச் சிப்பைப் பொருத்திக்கொண்டால் எந்த நாட்டு வடிவம் வேண்டுமோ அதை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

ஜப்பானியப் பிரதி, அமெரிக்கப் பிரதி, ஐரோப்பியப் பிரதி என்று மூன்று விலை சொல்லப்படும்போது உள்ளே இருக்கும் ஆட்டம் ஒன்றுதான் என்பது இதனால் உறுதியாகிறது. வேறுபடுவது அச்சிட்ட தாள். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் குறைவாக அச்சிட்டார்கள். அதனால் அங்கத்திய தாள் அரிது. கிசுனாவின் ஐரோப்பியத் தாள் அரிதிலும் அரிது.

அரிய தாளைச் சேகரிப்பது இழிவான காரியம் என்று சொல்லவில்லை. தபால்தலை சேகரிப்பவர் தாளைத்தான் சேகரிக்கிறார். பழைய முதற்பதிப்பைத் தேடி வாங்குபவரிடம் மலிவுப் பதிப்பிலும் அதே கதைதான் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் அவருக்குத் தான் வாங்குவது முதற்பதிப்பு என்று தெரியும். நியோ ஜியோ வாங்க வருபவர்களில் பலர் ஆட்டம் வாங்க வந்து, தாளுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதை உணராமலே போய்விடுகிறார்கள். இந்தச் சேகரிப்பில் நேரும் ஏமாற்றங்களின் வேர் இங்கேதான்.

போலியும் மாற்றுப் பிரதியும்

தாளுக்கு ஆயிரக்கணக்கில் விலை இருந்தால் தாளை அச்சிட ஆள் வருவான். அட்டை, லேபிள், கையேடு மூன்றையும் அசல்போல் அச்சிடுவது இன்று கடினமில்லை. உள்ளே வைக்க விளையாட்டு வேண்டுமே என்றால் அதற்கும் வழி உண்டு. எம்விஎஸ் கேட்ரிட்ஜில் இருப்பது அதே சிப்புகள். மலிவான ஒரு வீட்டுக் கேட்ரிட்ஜை வாங்கி, அதன் பலகையில் எம்விஎஸ் பிரதியின் சிப்புகளையோ புதிதாக எழுதிய சிப்புகளையோ வைத்துச் சால்டர் செய்துவிட்டால் வீட்டு மெட்டல் ஸ்லக் தயார். இதைச் சேகரிப்பாளர்கள் கன்வர்ஷன் என்பார்கள்.

கன்வர்ஷன் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் குற்றமில்லை. குறைந்த செலவில் ஆட்டம் கிடைக்கிறது. அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓடுவது அசல் ஆட்டமேதான். கேட்ரிட்ஜின் மேலோட்டைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

திறந்தால் கவனிக்க வேண்டியவை இவை. முதலில் பலகையில் அச்சிட்டிருக்கும் பெயர். அது வீட்டுப் பதிப்புக்கான பலகையா என்று பார்க்க வேண்டும். அடுத்து சிப்புகளின் எண். ஒவ்வொரு விளையாட்டுக்கும் எஸ்என்கே ஓர் எண் கொடுத்திருந்தது. மெட்டல் ஸ்லக்கின் எண் 201. கிசுனாவின் எண் 216. அசல் சிப்பின் முகத்தில் அந்த எண்ணோடு தொடங்கும் அடையாளம் தொழிற்சாலையில் பொறித்ததாக இருக்கும். எண்ணைச் சுரண்டியிருந்தால், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், நடுவில் வட்டக் கண்ணாடிச் சன்னல் உள்ள எழுதி அழிக்கும் சிப்புகள் வரிசையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கடைசியாகச் சால்டர். தொழிற்சாலைச் சால்டர் சீராக, ஒரே அளவாக இருக்கும். கையால் செய்ததில் பிளக்ஸின் பழுப்புக் கறையும் மேடுபள்ளமும் தெரியும். ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொல்பவர் உள்பலகையின் படம் தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது உத்தமம்.

கன்சோலைக் கையில் எடுக்கும்போது

கன்சோலைப் பற்றி ஒரு நல்ல சேதியும் ஓர் எச்சரிக்கையும் சொல்லலாம்.

நல்ல சேதி, இது உறுதியாகக் கட்டிய பொருள் என்பது. சிடி கன்சோல்களைப்போல் லென்ஸ் தேய்ந்து போகாது. ஆர்கேட் எம்விஎஸ் பலகைகளில் ஒரு மின்கலம் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்து பலகையையே அரித்துவிடும். வீட்டு ஏஇஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. படம் கலங்கலாக வந்தால் பெரும்பாலும் முனைகளில் படிந்த அழுக்குதான் காரணம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே பாதி நோய் தீரும். முப்பது ஆண்டு தாண்டியதால் மின்தேக்கிகள் மட்டும் மாற்ற வேண்டி வரலாம்.

எச்சரிக்கை, அடாப்டர் பற்றியது. ஆரம்பகால கன்சோல்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை. பிற்காலத்தவை 9 வோல்ட்டில். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 5 வோல்ட் கன்சோலில் 9 வோல்ட்டைச் செருகினால் உள்ளே புகைந்துவிடும். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காமல் எதையும் செருகக் கூடாது. ஜப்பானிய அடாப்டர் அந்நாட்டு 100 வோல்ட் மின்சாரத்துக்கு ஆனது. அதை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அடாப்டரோடு கன்சோலும் போகும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மரோ, கன்சோலுக்கு ஏற்ற வோல்ட் தரும் நல்ல உள்ளூர் அடாப்டரோ முதல் செலவாக இருக்கட்டும்.

ஜாய்ஸ்டிக்கை மறந்துவிடக் கூடாது. ஆர்கேட் மேசையை வெட்டி எடுத்துவந்ததுபோன்ற அகலமான கறுப்புப் பெட்டி, ஒரு கைப்பிடி, ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான்கள். கைப்பிடியைத் திருப்பினால் ஒவ்வொரு திசைக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராத திசையில் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. பேரம் பேச அது ஒரு பிடி.

படத்துக்குப் பழைய டியூப் டிவியே பொருத்தம். இந்த கன்சோல் தரும் படம் 320க்கு 224 புள்ளிகள். டியூப் டிவியின் வரிகளுக்கு நடுவே அந்தப் புள்ளிகள் இழைந்து நிற்கும். இன்றைய பெரிய திரையில் நேராகச் செருகினால் மங்கிக் குழம்பும். புதிய டிவிதான் என்றால் ஆர்ஜிபி கேபிளும் அப்ஸ்கேலர் ஒன்றும் வேண்டும். அதுவும் ஒரு செலவு என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே வாங்குவது

இதன் தாய்வீடு ஜப்பான். சரக்கு அதிகம் புழங்குவதும் அங்கேதான். தோக்கியோவின் அகிஹாபரா எல்லாரும் அறிந்தது. எஸ்என்கே பிறந்த ஒசாகாவிலேயே நிப்பொன்பாஷி பகுதியில் டென் டென் டவுன் என்ற மின்பொருள் கடைவீதி உண்டு. சூப்பர் பொட்டேட்டோ போன்ற பழைய விளையாட்டுக் கடைகள் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. கடைவிலை சற்றுக் கூடுதல். பதிலுக்கு, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஏலத்தில் விலை குறையலாம். ஆனால் இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் வெளிநாட்டார் வாங்க முடியும். ஜப்பானிய விற்பனையாளர் 'ஜங்க்' என்று குறித்திருந்தால் ஓடும் என்ற உறுதி எதுவும் தரவில்லை என்று பொருள். வாங்கியபின் சண்டை போட முடியாது.

இந்தியாவுக்கு வரவழைப்பவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் கிடையாது. கூரியர் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டிய மொத்தத்துக்கு. 'பரிசு என்று எழுதி அனுப்புங்கள்' என்ற பழைய தந்திரமும் பலிக்காது. அந்தச் சலுகை 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் பார்சல் தொலையும்போது காப்பீடும் குறைந்த தொகைக்கே கிடைக்கும். கேட்ரிட்ஜ் கனமான பொருள் என்பதால் கூரியர் செலவே கேட்ரிட்ஜ் விலையை எட்டிப்பிடிப்பதும் உண்டு. ஒன்றொன்றாக வாங்காமல் இடைத்தரகரிடம் சேர்த்து வைத்து ஒரே பெட்டியாக வரவழைப்பது மிச்சம்.

தாளை விட்டுவிட்டு ஆட மட்டும் விரும்பினால்

அதற்கு என்ன வழி என்ற கேள்விக்கு இன்று பல விடைகள் உண்டு.

முதல் விடை எம்விஎஸ். எஸ்என்கே போட்ட அந்தப் பழைய வேலி இங்கேதான் வாங்குபவருக்குச் சாதகமாகிறது. கடைகளுக்காக ஆயிரக்கணக்கில் அச்சிட்ட எம்விஎஸ் கேட்ரிட்ஜ்களுக்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு. அதனால் விலையும் குறைவு. மெட்டல் ஸ்லக்கின் அசல் சிப்புகளை வீட்டுப் பதிப்பின் விலையில் ஒரு சிறு பங்குக்கே வாங்கலாம். எம்விஎஸ் பலகையை வீட்டு டிவிக்கு ஏற்றபடி பெட்டியில் அடைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஏஇஎஸ்ஸில் எம்விஎஸ் கேட்ரிட்ஜை ஓட்டும் மாற்றிகளும் உண்டு. அன்று விலை கூடுதலாக இருந்தது இன்று மலிவு. அன்று மலிவாக இருந்தது இன்று எட்டாக் கனி. சேகரிப்பு உலகம் தலைகீழாகத் தொங்கும் உலகம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இரண்டாவது விடை நியோ ஜியோ சிடி. அதே விளையாட்டுகளில் பல, குறைந்த விலையில். ஆனால் பொறுமை வேண்டும். அதன் முதல் மாடலின் சிடி இயக்கி நொடிக்கு 150 கிலோபைட் மட்டுமே படிக்கும். நிரப்ப வேண்டிய நினைவகம் 7 மெகாபைட். முழுதும் நிரம்ப முக்கால் நிமிடம் ஆகும். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் காத்திருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த முக்கால் நிமிடத்தின் நீளம் தெரியும்.

மூன்றாவது, எல்லா விளையாட்டையும் ஒரே அட்டையில் ஏற்றிச் செருகும் ஃபிளாஷ் கேட்ரிட்ஜ். அசல் கன்சோலும் அசல் ஜாய்ஸ்டிக்கும் வைத்துக்கொண்டு கேட்ரிட்ஜ் வேட்டையைத் தவிர்க்க நினைப்பவருக்கு ஏற்றது. விலை கணிசம்தான், ஓர் அரிய கேட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. எஃப்பிஜிஏ சிப்பில் பழைய மின்சுற்றையே மறுபடி கட்டியெழுப்பும் மிஸ்டர் என்ற வழி நான்காவது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் எளியது. ஹாம்ஸ்டர் நிறுவனம் நியோ ஜியோ விளையாட்டுகளை ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களுக்கு முறையான உரிமத்தோடு ஒவ்வொன்றாக விற்கிறது. ஒரு விளையாட்டு சுமார் 8 டாலர். 40 விளையாட்டுகளை உள்ளடக்கிய கையகல நியோ ஜியோ மினியை எஸ்என்கேவே 2018இல் வெளியிட்டது. மெட்டல் ஸ்லக்கை ஆடிப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே ஆசையானால் ஒரு ஓட்டல் சாப்பாட்டுச் செலவில் அந்த ஆசை தீர்ந்துவிடும்.

முதலீடாகுமா

2020இல் தொடங்கிய பெருந்தொற்றுக் காலத்தில் பழைய விளையாட்டுகளின் விலை உலகெங்கும் ஏறியது. 2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மரியோ 64 பிரதி ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இதில் பணம் போட வந்தவர்கள் பலர்.

நியோ ஜியோவைப் பொறுத்தவரை இந்த ஆசையை நிதானமாக எடைபோட வேண்டும். அரிய பிரதிகளின் சந்தை மிகச் சிறியது. பத்துப் பேர் விரும்பினால் விலை ஏறும். அதில் மூன்று பேர் விலகினால் இறங்கும். விற்க நினைக்கும் அன்று வாங்க ஆள் இருக்க வேண்டும். தங்கத்தைப்போல் எந்தத் தெருவிலும் காசாக்க முடியாது. தாளுக்கு ஈரப்பதமும் கரையானும் எதிரி. நம் கடலோர ஊர்களில் இரண்டும் தாராளம். கன்வர்ஷன்கள் பெருகப் பெருக, அசலை அசல் என்று நிரூபிக்கும் பாரம் விற்பவர் தலையில் ஏறும். இந்தக் கன்சோலின் முதல் ரசிகர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அடுத்த தலைமுறைக்கும் அதே ஏக்கம் இருக்குமா என்பதே இந்த முதலீட்டின் அடித்தளம்.

முடிவாக

1991இல் நியோ ஜியோவுக்குக் கொடுத்த பணம் சிப்புக்குப் போனது. இன்று அரிய கேட்ரிட்ஜுக்குக் கொடுக்கும் பணம் அச்சுத்தாளுக்குப் போகிறது. முதலாவது ஆடுபவரின் செலவு. இரண்டாவது சேகரிப்பவரின் செலவு. இரண்டும் நியாயமானவையே, யார் எதைச் செய்கிறார் என்று அவருக்கே தெரிந்திருந்தால்.

புதிதாக இறங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான். முதலில் எட்டு டாலர் பதிப்புகளில் நான்கைந்தை ஆடிப் பாருங்கள். மனம் அதிலேயே நிறைந்துவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளலாம். நிறையாவிட்டால், அடிப்பக்க ஸ்டிக்கரில் வோல்ட் தெளிவாகத் தெரியும் ஒரு ஜப்பானிய ஏஇஎஸ், 'டிக்' சத்தம் சரியாக வரும் ஒரு ஜாய்ஸ்டிக், ஜப்பானியப் பதிப்பில் மலிவான மூன்று சண்டை விளையாட்டுகள், ஒரு டியூப் டிவி. இவ்வளவு போதும். மெட்டல் ஸ்லக் வேண்டுமென்றால் எம்விஎஸ்ஸில் வாங்குங்கள். வீட்டுப் பதிப்புதான் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும் நாளில், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் உள்பலகையின் படத்தைக் கேளுங்கள். சிப்பின் முகத்தில் 201 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.